முதல் படத்துக்கு முந்தைய ஆண்டுகள்

சாலிகிராமத்திலும் வடபழனியிலும் வாடகை அறை எடுத்து, ஒரு மிடி கீபோர்டையும் மடிக்கணினியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "மியூசிக் டைரக்டரா ட்ரை பண்றேன் சார்" என்பார்கள். முதல் படம் கையெழுத்தாகும் நாளில்தான் தொழில் தொடங்குகிறது, அதுவரை நடப்பதெல்லாம் காத்திருப்பு என்ற எண்ணம் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. அந்த எண்ணத்தை மாற்றத்தான் இந்த அத்தியாயம். முதல் படத்துக்கு முன் நீங்கள் யாரோடு வேலை செய்தீர்கள், எவ்வளவு இசையை முடித்துக் கொடுத்தீர்கள், எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டீர்கள் என்பவைதான் அந்தப் படம் எப்படிப்பட்டதாக அமையும், அதற்குப் பிறகு இன்னொன்று உண்டா என்பதை முடிவு செய்கின்றன.

நமக்குத் தெரிந்த பெயர்களையே எடுத்துக்கொள்வோம். எம்.எஸ்.விஸ்வநாதன் ஜூபிடர் பிக்சர்ஸில் எடுபிடியாகச் சேர்ந்தவர். எஸ்.எம்.சுப்பையா நாயுடுவிடமும் பிறகு சி.ஆர்.சுப்பராமனிடமும் உதவியாளராக இருந்தார். 1952இல் சுப்பராமன் திடீரென்று இறந்தபோது, பாதியில் நின்ற படங்களை முடித்துக் கொடுக்க விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் அங்கே தயாராக இருந்தார்கள். இருவரும் இணைந்து இசையமைத்த 'பணம்' வந்தது அதே ஆண்டில். இளையராஜா அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரிகளோடு ஊர் ஊராகச் சுற்றிவிட்டுச் சென்னை வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராகக் கன்னடப் படங்களில் நீண்ட காலம் உழைத்தார். 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது அவருக்கு வயது 30ஐத் தாண்டியிருந்தது. ஏ.ஆர்.ரஹ்மான் பள்ளி வயதிலேயே மற்றவர்களின் ஒலிப்பதிவுகளுக்குக் கீபோர்டு வாசிக்கப் போனவர். விளம்பர ஜிங்கிள்கள் செய்தார், 1989இல் கோடம்பாக்கத்து வீட்டுக்குப் பின்புறம் பஞ்சதன் ஸ்டூடியோவைக் கட்டினார். 'ரோஜா' அதற்கும் மூன்று ஆண்டுகள் கழித்து, 1992இல். ஹாரிஸ் ஜெயராஜ் 2001இல் 'மின்னலே' செய்வதற்கு முன் பல இசையமைப்பாளர்களுக்குக் கீபோர்டு புரோகிராமராக இருந்தார்.

இவர்கள் அனைவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. இன்னொருவரின் இசை நெருக்கடியில் முடிக்கப்படுவதை அருகிலிருந்து பார்த்தவர்கள் இவர்கள். தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார், வயலின் பகுதியில் ஒரு சுரம் தவறாக எழுதப்பட்டிருக்கும், பாடகர் வேறொரு ரிக்கார்டிங்குக்குப் போகவேண்டும் என்பார். இதற்கெல்லாம் நடுவில் மாலைக்குள் பாட்டு முடிந்தாக வேண்டும். இந்தப் படிப்பு ரிக்கார்டிங் தியேட்டரில் சும்மா உட்கார்ந்திருந்தவருக்கே கிடைத்தது. இன்று எல்லோரும் ஒரே தியேட்டரில் கூடும் அந்தக் கூட்டம் இல்லை. ஒருவர் வீட்டில் புரோகிராம் செய்கிறார், இன்னொருவர் தன் அறையில் கிடார் வாசித்து இணையத்தில் அனுப்புகிறார், பாடகர் தன் வீட்டிலேயே பாடி அனுப்புகிறார். அதனால் முந்தைய தலைமுறைக்குத் தானாக அமைந்த அந்தப் பயிற்சியை நீங்கள் தேடி அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. குறும்படங்களும், விளம்பரங்களும், ஒரு மூத்தவரிடம் செய்யும் உதவியாளர் வேலையும் அதற்குத்தான்.

உங்கள் வயதுக்காரர்கள்

புதியவர்கள் எல்லோரும் முதலில் பெரிய இயக்குநர்களின் அலுவலகங்களுக்குத்தான் போகிறார்கள். பென் டிரைவில் பன்னிரண்டு பாட்டு, உதவி இயக்குநர் கையில் கொடுத்துவிட்டு வருவது, பிறகு ஆறு மாதம் போன் செய்து பார்ப்பது. போகவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் தமிழில் நிலைத்து நின்ற அறிமுகங்களைப் பார்த்தால், பெரும்பாலும் புதிய இசையமைப்பாளரை அழைத்தவர் இன்னொரு புதியவராக இருந்திருக்கிறார்.

'மின்னலே' கௌதம் மேனனுக்கும் முதல் படம். '3' ஐஸ்வர்யாவின் முதல் படம். அதற்கு முன்பே அவருடைய குறும்படங்களுக்கு அனிருத் இசை செய்திருந்தார். சந்தோஷ் நாராயணனின் தொடக்கம் இன்னும் தெளிவான உதாரணம். ஒலிப்பதிவுப் பொறியாளராகவும் புரோகிராமராகவும் இருந்தவர் அவர். 2012 ஆகஸ்டில் 'அட்டகத்தி', அக்டோபரில் 'பீட்சா', 2013 மே மாதம் 'சூது கவ்வும்'. பா.ரஞ்சித், கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி என்ற மூன்று இயக்குநர்களுக்கும் அவை முதல் படங்கள். மூன்றையும் தயாரித்தவர் ஒருவரே, சி.வி.குமார். அந்த இயக்குநர்கள் வளர வளர இசையும் கூடவே வளர்ந்தது. ரஞ்சித்தோடு 'மெட்ராஸ்', பிறகு 'கபாலி'. கார்த்திக் சுப்பராஜோடு 'ஜிகர்தண்டா'. முன்பே பேர் வாங்கிவிட்ட ஒரு இயக்குநரின் பத்தாவது படத்தில் நுழைந்திருந்தால் இந்த வரிசை அமைந்திருக்காது. அங்கே அவருக்கென்று ஏற்கெனவே ஓர் இசையமைப்பாளர் இருப்பார், உங்களுக்கு ஒரு படம் கிடைக்கும், அத்தோடு சரி.

ஆகவே இன்று 23 வயதாகும் இயக்குநர் எங்கே இருக்கிறார் என்று தேடுங்கள். தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் டிப்ளமோ படம் எடுக்கிறார்கள். சாலிகிராமம் எல்.வி.பிரசாத் அகாடமியில் எடுக்கிறார்கள். லயோலா போன்ற கல்லூரிகளின் விஸ்காம் துறைகளில் எடுக்கிறார்கள். இந்தப் படங்களில் பலவற்றுக்குக் கடைசி வாரத்தில், இணையத்திலிருந்து எடுத்த ஏதோ ஓர் இசையைத்தான் ஒட்டுகிறார்கள். 2009இல் கலைஞர் தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குநர்' தொடங்கியபோது அந்த நிகழ்ச்சிக்காக வாராவாரம் குறும்படங்கள் தேவைப்பட்டன. கார்த்திக் சுப்பராஜும் நலனும் பாலாஜி மோகனும் அங்கிருந்து வந்தவர்கள். அன்று ஒரே நிகழ்ச்சியில் கூடிய கூட்டம் இன்று யூடியூபிலும் குறும்பட விழாக்களிலும் சிதறிக் கிடக்கிறது. தேடும் வேலை கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

இயக்குநர்களைவிட நான் அதிகம் பரிந்துரைப்பது எடிட்டர்களின் நட்பை. படத்தை முதலில் இசையோடு பார்ப்பவர் எடிட்டர். தற்காலிகமாக ஏதோ ஒரு டிராக்கைப் போட்டு வெட்டுபவரும் அவரே. "இந்தப் பையன் நல்லா பண்றான், ஒருதடவை கேட்டுப் பாருங்க" என்று எடிட் அறையில் அவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு நீங்கள் அனுப்பும் நூறு மின்னஞ்சல்கள் ஈடாகாது. உங்கள் பகுதியில் எடிட்டிங் செய்யும் இளைஞர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். தற்காலிக டிராக்காகப் பயன்படுத்திக்கொள்ள உங்கள் இசையிலேயே சிலவற்றைக் கொடுத்து வையுங்கள். உங்கள் பெயர் அந்தக் கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும்.

மாதிரி அனுப்பும்போது பாட்டுகளைக் குவிக்காதீர்கள். ஒன்றரை நிமிடக் காட்சி ஒன்று போதும். வசனம் இருக்கவேண்டும், உங்கள் பின்னணி இசை அதன் கீழே இருக்கவேண்டும். தரவிறக்கம் செய்யாமல் கைப்பேசியில் தட்டியவுடன் ஓடவேண்டும். கூடவே ஒரு பாட்டு, அதுவும் முதல் பதினைந்து நொடிக்குள் குரல் வருகிற பாட்டு. பார்ப்பவர் ஆட்டோவில் போய்க்கொண்டிருக்கும்போதுதான் இதைப் பார்ப்பார்.

ஆர்.ஆர். பழகும் இடம்

மெட்டு போடத் தெரிந்தவர்கள் ஏராளம். காட்சிக்கு இசை செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. படம் கைக்கு வந்தபின் இரண்டு மணி நேரப் படத்துக்கு இரண்டு, மூன்று வாரத்தில் ஆர்.ஆர்., அதாவது பின்னணி இசை, முடித்துக் கொடுக்கவேண்டும் என்ற நிலையில்தான் பல அறிமுக இசையமைப்பாளர்கள் திணறுகிறார்கள். குறும்படங்களில் இதைப் பழகியவர் திணறமாட்டார். அதனால் இந்தப் பகுதியை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இயக்குநரோடு உட்கார்ந்து படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எங்கே இசை தொடங்கும், எங்கே முடியும் என்று நேரக்குறிப்போடு எழுதுங்கள். எங்கே இசை வேண்டாம் என்பதையும் எழுதுங்கள். புதியவர்கள் செய்யும் இசை பெரும்பாலும் இரண்டு நொடி முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. நடிகர் முகத்தில் அந்த உணர்வு வருமுன்பே வயலின்கள் வந்து அழச் சொல்லிவிடுகின்றன. நடிப்பு முதலில் வரட்டும். இசை அதற்குப் பின் நுழையட்டும்.

படம் வினாடிக்கு 24 ஃபிரேம். இந்தக் கணக்கு கைவசம் இருந்தால் பாதித் தொல்லை தீரும். 1440ஐ உங்கள் டெம்போவால் வகுத்தால் ஓர் அடிக்கு எத்தனை ஃபிரேம் என்று வந்துவிடும். 120 டெம்போவுக்கு 12 ஃபிரேம், 90க்கு 16, 80க்கு 18, 72க்கு 20. இசை தொடங்கி 4 வினாடி 16 ஃபிரேமில் ஒரு கதவு திறக்கிறது என்று வையுங்கள். அதாவது 112 ஃபிரேம். 90 டெம்போவில் ஏழு அடி முடிந்த இடத்தில், இரண்டாம் பாரின் கடைசி அடியில் கதவு திறக்கும். சற்று முன்னால் விழுந்ததுபோல் இருக்கும். எட்டு அடி கழித்து மூன்றாம் பாரின் முதல் அடியில் திறக்கவேண்டும் என்றால் ஓர் அடிக்கு 14 ஃபிரேம் வரவேண்டும். 1440ஐ 14ஆல் வகுத்தால் 102.86. டெம்போவை அந்த எண்ணில் வைத்துவிட்டு வாசிக்கத் தொடங்குங்கள். கதவுக்காக இடையில் எதையும் இழுக்கவோ நறுக்கவோ வேண்டியிருக்காது. எல்லாக் கதவுக்கும் இசையில் ஓர் அடி போடவேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. காட்சியில் எது முக்கியம் என்று நீங்களும் இயக்குநரும் முடிவு செய்த ஒன்றிரண்டு இடங்களுக்கு மட்டும்.

வசனத்துக்கு இடம் விடுவது அடுத்தது. பேச்சின் தெளிவு பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. அதே இடத்தில் புல்லாங்குழலோ கிடாரோ விடாமல் வாசித்தால் மிக்ஸிங்கில் உங்கள் இசையின் ஒலியைக் குறைத்துவிடுவார்கள். குற்றம் மிக்ஸிங் பொறியாளருடையது இல்லை. வசனத்துக்குக் கீழே தாழ்ந்த தந்திகளையோ நீண்ட சுரங்களையோ வையுங்கள், வசனம் முடிந்த இடைவெளியில் குழல் வரட்டும்.

எடிட் லாக் ஆகிவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். கல்லூரி மாணவர்கள் மட்டுமின்றி அனுபவமுள்ளவர்களும் "ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு இரண்டு ஷாட்டை வெட்டி எறிவார்கள். ஒவ்வொரு கோப்பையும் எந்த எடிட்டுக்குச் செய்தீர்கள் என்ற தேதியோடு சேமித்து வைத்தால், மாறிய பகுதியை மட்டும் சரிசெய்யலாம். கொடுக்கும்போது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாகக் கொடுங்கள். தாளம், தந்தி, காற்றிசை, சிந்த், குரல் என்று ஸ்டெம்களைப் பிரித்துக் கொடுங்கள். எல்லாக் கோப்பும் ரீலின் தொடக்கப் புள்ளியிலிருந்தே தொடங்கட்டும். குறும்படத்துக்கு இவ்வளவும் தேவையா என்று தோன்றும். ஆனால் அப்படி வந்த ஸ்டெம்களை வாங்கிய மிக்ஸிங் பொறியாளர் உங்கள் பெயரை மறக்கமாட்டார்.

தற்காலிக டிராக் பற்றி ஒரு வார்த்தை. இயக்குநர் ஹான்ஸ் ஸிம்மரின் ஏதோ ஒன்றைப் போட்டு மாதக்கணக்கில் பார்த்துப் பழகியிருப்பார், "இதே மாதிரி வேணும்" என்பார். அதைப் போலச் செய்து கொடுத்தால் வழக்கு வருமோ என்ற கவலை ஒருபுறம். அதைவிடப் பெரிய இழப்பு, உங்களுக்கென்று ஓர் இசை இருப்பது யாருக்கும் தெரியாமல் போவது. அந்த டிராக்கில் அவருக்குப் பிடித்தது எது என்று கேளுங்கள். வேகமா, தாழ்ந்த ஒலியா, மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும் அழுத்தமா? பெரும்பாலும் ஒன்றுதான் பிடித்திருக்கும். அதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் புதிதாகச் செய்யலாம்.

இன்னொருவரிடம் வேலை செய்யும்போது

ஒரு மூத்த இசையமைப்பாளரிடம் புரோகிராமராகச் சேர்ந்தால் சம்பளமும் கிடைக்கும், கருவிகளும் கிடைக்கும், வேகமும் வரும். போங்கள். ஆனால் இரண்டு விஷயங்களை முதல் நாளே பேசிவிடுங்கள். ஒன்று, டைட்டிலில் உங்கள் பெயர் எப்படி வரும் என்பது. 'புரோகிராமிங்', 'கூடுதல் புரோகிராமிங்', 'கூடுதல் பின்னணி இசை' என்பவை வேறு வேறு வேலைகள். நீங்கள் காட்சிக்கான இசையையே உருவாக்கிவிட்டு 'புரோகிராமிங்' என்ற பெயரோடு ஒதுங்கிக்கொள்வது நம் துறையில் சாதாரணமாக நடக்கிறது. அது சரியென்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டேன். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் படைப்பைத் தன்னுடையது என்று சொல்லும் உரிமை படைத்தவருக்கே இருக்கிறது என்கிறது. நீதிமன்றம் போகச் சொல்லவில்லை. கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று தெரிந்து, மரியாதையாகக் கேளுங்கள்.

இரண்டாவது, எவ்வளவு காலம் என்பது. வேலை கற்றுக்கொள்ளும் வரை உதவியாளர், அதற்குப் பிறகு பழக்கத்தால் உதவியாளர் என்று ஆகிவிடுவது எளிது. மாதச் சம்பளம் நின்றுவிடும் என்ற பயம் நியாயமானது. வீட்டு வாடகையை யாரும் தள்ளுபடி செய்யப்போவதில்லை. அதனால் உதவியாளராக இருக்கும்போதே வாரத்தில் ஓர் இரவையாவது உங்கள் சொந்த இசைக்கு ஒதுக்கிவையுங்கள். நீங்கள் வேலை செய்பவரின் கணினியில் அதைச் செய்யாதீர்கள், அவருடைய சாம்பிள்களையும் எடுக்காதீர்கள்.

பாட்டு கேட்கும்போது

இயக்குநர் சிச்சுவேஷன் சொல்வார். பாதிப் பேர் "ஒரு மெலடி" என்று தொடங்கி அங்கேயே முடித்துவிடுவார்கள். பாட்டுக்கு முந்தைய காட்சியையும் பிந்தைய காட்சியையும் கேட்டு வாங்குங்கள். பாட்டு எந்த மனநிலையில் தொடங்கி எதில் முடியவேண்டும் என்று அப்போதுதான் தெரியும், மெட்டின் முதல் சுரம் எவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும் என்பதுகூட.

மெட்டை நீங்களே பாடிப் பதிவு செய்து கொடுங்கள். குரல் நன்றாக இல்லையென்றால் பரவாயில்லை. தத்தகாரமாகப் பாடும்போது ஒரு கவனம் வேண்டும். தமிழில் குறிலை நீட்டினால் சொல்லே மாறிவிடுகிறது. 'கல்' என்பதை இழுத்தால் 'கால்' ஆகிவிடும், 'படம்' 'பாடம்' ஆகிவிடும். மெட்டில் எங்கே சுரம் நீள்கிறதோ அங்கே 'தா' என்றும், சட்டென்று விடும் இடத்தில் 'த' என்றும் தெளிவாகப் பாடினால் பாடலாசிரியர் அந்த இடத்துக்கு நெடிலையும் குறிலையும் சரியாகக் கொண்டுவந்து வைப்பார். ஆங்கிலம் கலந்த டம்மி வரிகளில் மெட்டுப் போட்டுப் பழகியவர்களின் பாட்டுகளில், தமிழ் வரி வந்து உட்காரும்போது சொல் உடைவதை நீங்களே கேட்டிருப்பீர்கள். மெட்டு அழகாக இருந்தும் பாட்டு மனப்பாடம் ஆகாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

டிராக் பாடுபவருக்குப் பணம் கொடுங்கள். கடைசியில் அவர் குரல் மாற்றப்படலாம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். இன்று உங்களோடு வளரும் பாடகர் அவர்.

லூப்கள் விற்கும் தளங்களிலிருந்து எடுத்த ஒரு லூப்பைப் பாட்டின் முக்கிய அடையாளமாக வைக்காதீர்கள். உரிமம் முறையாக வாங்கியதாகவே இருக்கலாம். ஆனால் அதே லூப்பை வேறு நாட்டில் யாரோ பயன்படுத்திப் பதிவு செய்திருந்தால், யூடியூபின் தானியங்கிச் சோதனை உங்கள் பாட்டை அவருடையது என்று சொல்லிவிடும். பாடல் வெளியான அன்று ஆடியோ நிறுவனத்திலிருந்து அந்த அழைப்பு வருவதை எந்த இசையமைப்பாளரும் விரும்பமாட்டார். பின்னணியில் சேர்ந்து கலந்துபோகும் தாளத்துக்கு லூப்களை வையுங்கள். முகப்பில் வருவதை நீங்களே வாசியுங்கள், அல்லது ஒரு கலைஞரை அழைத்து வாசிக்கச் செய்யுங்கள். சங்க உறுப்பினர்களான வாத்தியக் கலைஞர்களுக்குக் கால்ஷீட் கணக்கில் ஊதியம். அன்றைய தொகை என்ன என்று முன்பே கேட்டு பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.

பணமும் காகிதமும்

அறிமுகப் படத்துக்குத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 'பேக்கேஜ்' பேசுவார்கள். ஒரே தொகை, அதற்குள் எல்லாம். உதாரணத்துக்கு நான்கு பாட்டும் ஆர்.ஆரும் சேர்த்து 5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் 10 சதவீதம் வருமான வரி பிடித்துக்கொண்டு 4.5 லட்சம்தான் கைக்கு வரும். பிடித்த வரிக்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள், கணக்குத் தாக்கல் செய்யும்போது அது உங்கள் பணம். அந்த 4.5 லட்சத்தில் பாடகர்கள், வாத்தியக் கலைஞர்கள், ஸ்டூடியோ வாடகை, மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாம் போகவேண்டும். ஒரு பெரிய பாடகர்தான் பாடவேண்டும் என்று இயக்குநர் பாதியில் ஆசைப்பட்டால் உங்கள் சம்பளம் அங்கேயே முடிந்தது. அதனால் பேக்கேஜுக்குள் எவை வராது என்பதை எழுதி வாங்குவதுதான் முக்கியம். பாடலாசிரியர் ஊதியம், முன்னணிப் பாடகர், பெரிய தந்தி வாத்தியக் குழு, படத்தின் இறுதி மிக்ஸிங் ஆகிய நான்கும் தயாரிப்பாளர் கணக்கு என்று எழுதுங்கள். எத்தனை முறை மாற்றம் செய்து தருவீர்கள் என்பதற்கும் ஓர் எண் இருக்கட்டும்.

தவணைகளை வேலையோடு கட்டுங்கள். கையெழுத்தின்போது ஒரு பகுதி, பாட்டுகளைக் கொடுக்கும்போது ஒரு பகுதி, ஆர்.ஆரின் இறுதி ஸ்டெம்களைக் கொடுப்பதற்கு முன் மீதி முழுவதும். 'ரிலீஸ் சமயத்தில் தருகிறோம்' என்பதை ஏற்காதீர்கள். ரிலீஸ் சமயத்தில் தயாரிப்பாளரைச் சுற்றி ஃபைனான்சியர்கள் நிற்பார்கள், உங்கள் முறை வராது.

படம் வெளியாகாமலும் போகலாம். கோவிந்த் வசந்தா இசையமைத்த 'ஒரு பக்க கதை' ஆண்டுக்கணக்கில் தேங்கி நின்று 2020இல் நேரடியாக ஓடிடியில் வந்தது. அதற்குள் அதே நட்பு வட்டத்திலிருந்த பிரேம் குமார் 2018இல் '96' இயக்கினார். அதற்கும் கோவிந்த்தான் இசை, ஊரே அந்த இசையைப் பேசியது. படம் தேங்கினாலும் உறவு தேங்கவில்லை என்பதை இதில் கவனியுங்கள். ஆனால் எல்லோருக்கும் அப்படி அமையாது. குறிப்பிட்ட காலத்துக்குள் படம் வெளியாகாவிட்டால் மெட்டுகள் உங்களிடம் திரும்பும் என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்று சட்டம் பொதுவாகச் சொல்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் எழுதியதே நிற்கும். தயாரிப்பாளரின் வழக்கறிஞர் அப்படித்தான் எழுதியிருப்பார், படித்துப் பாருங்கள்.

இப்போது ராயல்டி. இதைப் புரிந்துகொள்ள, ஒரு பாட்டில் இரண்டு தனி உரிமைகள் இருக்கின்றன என்பதை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். மெட்டு ஓர் இசைப் படைப்பு. பதிவான ஒலி வேறொரு படைப்பு. ஆடியோ நிறுவனத்துக்குத் தயாரிப்பாளர் விற்பது இரண்டையும் சேர்த்து. ஆனால் 2012இல் திருத்தப்பட்ட சட்டம் ஒன்றைச் சொல்கிறது. திரையரங்கில் படத்தோடு சேர்ந்து ஒலிப்பதைத் தவிர மற்ற பயன்பாடுகளுக்கு, அதாவது வானொலி, தொலைக்காட்சி, இணையம், ஹோட்டல், மேடை முதலியவற்றுக்குக் கிடைக்கும் ராயல்டியில் உரிமையை வாங்கியவரோடு சமமாகப் பங்கு பெறும் உரிமை இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உண்டு. அந்த உரிமையை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. 'எல்லா ராயல்டியையும் விட்டுக்கொடுக்கிறேன்' என்ற வரி இன்றும் சில ஒப்பந்தங்களில் வருகிறது. அதை நீக்கச் சொல்லுங்கள்.

இந்தத் திருத்தம் வருமுன் செய்யப்பட்ட இசைக்கு இவ்வளவு தெளிவு இல்லை. இளையராஜாவின் பழைய பாடல்கள் யாருக்குச் சொந்தம் என்பது குறித்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்குகள் நடந்தன. அத்தனை பெரிய கலைஞருக்கே அந்த நிலை. உங்களுக்கு முன்னால் இருக்கும் காகிதத்தை ஓர் இரவு வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க அனுமதி கேட்பதில் வெட்கம் எதற்கு? சின்னப் படங்களிலும் சுயாதீனப் பாடல்களிலும் இன்னொன்றைப் பாருங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்கவேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்பது சட்டம். 'என்றென்றைக்கும், உலகம் முழுவதும், இனி வரப்போகும் எல்லா ஊடகத்திலும்' என்று நீளமாக எழுதுவதற்குக் காரணம் அதுதான். சுயாதீனப் பாடலுக்கு அப்படிக் கொடுக்கவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

வெளியான வாரத்தில்

ராயல்டி தானாக வீடு தேடி வராது. வசூலித்துக் கொடுக்கும் சங்கம் ஐபிஆர்எஸ். 1969இல் தொடங்கப்பட்டது, தலைமையகம் மும்பை. வெளியான படைப்பு கையில் இருந்தால் உறுப்பினராகச் சேர விண்ணப்பியுங்கள். சேர்வதோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொரு பாட்டையும் ஒவ்வொரு படத்தின் பின்னணி இசையையும் தனித்தனியாகப் பதிவு செய்யவேண்டும். பாடலாசிரியர் பெயரின் எழுத்துகள் ஆங்கிலத்தில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். ஓரிடத்தில் ஒரு எழுத்து கூடினால்கூடப் பணம் பொருந்தாமல் தேங்கிவிடும். பின்னணி இசைக்குக் கியூ ஷீட் தயாரியுங்கள். எந்த ரீலில், எந்த நேரத்தில், எத்தனை வினாடி, என்ன தலைப்பு, யார் இசை என்ற பட்டியல் அது. ஆர்.ஆர். செய்யும்போதே எழுதிவந்தால் ஒரு மணி நேர வேலை. ஓராண்டு கழித்து உட்கார்ந்தால் ஒரு வாரம் ஆகும்.

சாஃப்ட்வேர் கருவிகளில் வாசித்த எல்லா டிராக்கையும் ஒலிக்கோப்பாக மாற்றி, ப்ராஜெக்ட்டோடு இரண்டு வெவ்வேறு ஹார்டு டிஸ்க்கில் போட்டு, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். நான்கு ஆண்டு கழித்து அந்தப் படத்தை இந்தியில் எடுக்கிறோம், அந்தத் தீமின் ஸ்டெம்கள் வேண்டும் என்று கேட்டு யாராவது அழைப்பார்கள். அன்று அந்தப் பிளக்இன் உங்கள் புதிய கணினியில் திறக்காது.

பிறகு இயக்குநருக்கு அழையுங்கள். படம் ஓடியிருந்தால் அவரைச் சுற்றிப் பெரிய கூட்டம் இருக்கும், ஓடாவிட்டால் யாருமே இருக்கமாட்டார்கள். ஓடாத படத்தின் இயக்குநரைக் கட்டாயம் அழையுங்கள், நேரில் போய்ப் பாருங்கள். அவர் அடுத்த கதையை எழுதத் தொடங்கியிருப்பார். அதில் பாட்டுக்கு இடம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், கதை என்ன என்று கேளுங்கள். அவர் சொல்லி முடித்ததும் வீட்டுக்குப் போய், யாரும் கேட்காமலேயே அந்தக் கதைக்கு ஒரு தீம் செய்து அனுப்புங்கள்.